அம்மா, ஆச்சி, டீச்சர்: ஒரே மலரில் மூன்று பேர்

கேள்வி: ஐயா, என் அம்மா போன ஆவணியில் காலமானார்கள். 84 நடந்துகொண்டிருந்தது. 1961இல் கயத்தாறு பக்கம் ஒரு சின்ன ஊரில் வேலைக்குச் சேர்ந்து, கல்யாணத்துக்கு அப்புறம் ஆலங்குளம் பக்கம் மாறுதல் வாங்கி, கடைசியில் சேரன்மகாதேவியில் ஓய்வு பெற்ற தொடக்கப்பள்ளி டீச்சர். வருகிற ஆவணியில் வருஷத் திதி. அதற்குள் நினைவு மலர் ஒன்று போட வேண்டும் என்று அண்ணன் சொல்கிறான். பொறுப்பு என் தலையில். துஷ்டி கேட்க வந்த பழைய மாணவர்கள், "டீச்சர் எங்களைச் சிரிக்க வச்சே வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தாங்க" என்றார்கள். வீட்டில் அம்மா சிரித்து நான் பார்த்தது அபூர்வம். கேட்டபோது பொறாமையாக இருந்தது. என் மகளுக்கோ ஆச்சி என்றால் மடி, கதை, சொதி. அவள் போனில் ஆச்சியின் வாய்ஸ் மெசேஜ்கள் நிறைய இருக்கின்றன. எல்லாரும் ஒரே ஆளைப் பற்றித்தான் பேசுகிறார்களா என்று சந்தேகம் வந்துவிட்டது. அண்ணன், "குறையா ஒரு வரிகூட வரக் கூடாது" என்கிறான். 2023 டிசம்பர் வெள்ளத்தில் டிரங்குப் பெட்டி நனைந்து பாதிப் படங்கள் ஒட்டிக்கொண்டன. சான்றிதழில் பிறந்த தேதி 10.6.1941, ஜாதகத்தில் விஷு வருஷம் ஐப்பசி. அம்மாவின் தங்கை, என் சித்தி, வீரவநல்லூரில் இருக்கிறார்கள். எங்கே தொடங்குவது? நான் என்ன எழுதுவது?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பாளையங்கோட்டை

பதில்: பொறாமையாக இருந்தது என்று ஒளிக்காமல் எழுதியிருக்கிறீர்கள். மலரில் நீங்கள் எழுத வேண்டிய கட்டுரை அதிலிருந்துதான் வரப்போகிறது. ஆனால் அதற்கு முன்னால் கொஞ்சம் அலைச்சல் இருக்கிறது. நினைவு மலர் தொகுப்பதே என் தொழில் என்பதால் அந்த அலைச்சலை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இப்போதைக்கு அச்சகத்துக்குப் போக வேண்டாம், அட்டைக்குப் படம் தேடவும் வேண்டாம். ஆட்களைத் தேடிப் போங்கள். வயதில் மூத்தவர் முதலில் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். 1961இல் அம்மாவிடம் ஒன்றாம் வகுப்பு படித்த பிள்ளைக்கு இன்றைக்கு எழுபது வயது. கூட வேலை பார்த்த டீச்சர்கள் எண்பதைத் தாண்டியிருப்பார்கள். சேரன்மகாதேவியில் படித்தவர்களுக்கு நாற்பது, ஐம்பது வயதுதான் இருக்கும். வாட்ஸ்அப் குரூப்பே வைத்திருப்பார்கள். அவர்களிடம் கடைசியில் பேசிக்கொள்ளலாம். வீரவநல்லூர் சித்தியை இந்த ஞாயிற்றுக்கிழமையே பாருங்கள். எல்லாரையும் பார்த்து முடியாமல் ஆவணி தாண்டினால் தாண்டட்டும். திதிக்குத் தேதி மாற்ற முடியாது, மலருக்கு மாற்றலாம்.

போன இடத்தில், "டீச்சரைப் பத்தி நாலு வரி எழுதிக் குடுங்க" என்று கேட்டுவிடாதீர்கள். அப்படிக் கேட்டால் என்ன வரும் என்று எனக்கு மனப்பாடம்: அன்பின் உறைவிடம், பண்பின் சிகரம், அடக்கத்தின் ஆலயம். பெயரை மட்டும் மாற்றினால் யாருடைய மலருக்கும் பொருந்தும். பேனாவைக் கையில் கொடுத்ததும் நம் ஆட்களுக்கு மேடைத் தமிழ் வந்துவிடுகிறது. அதனால் பேச விடுங்கள். பதிவு செய்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனை மேசைமேல் வைத்து, சின்னச் சின்னதாய்க் கேளுங்கள். வகுப்பு ஓலைக் கொட்டகையா, ஓட்டுக் கட்டடமா, மரத்தடியா? மழை வந்தால் எங்கே போவீர்கள்? டீச்சர் பஸ்ஸில் வருவாரா, பஸ் ஸ்டாப்பிலிருந்து யார் கூட நடந்து வருவார்? பிந்தி வந்தவனை என்ன சொல்வார்? மத்தியானம் எங்கே உட்கார்ந்து சாப்பிடுவார்?

சாப்பாட்டுப் பேச்சை எடுத்தால் மற்றது தானாக வரும். மதிய உணவுத் திட்டம் தொடங்கியதே நம் பக்கத்தில்தான். 1956இல் எட்டயபுரத்தில் காமராஜர் தொடங்கி வைத்தார், அன்றைக்கு அது திருநெல்வேலி மாவட்டம். அம்மா வேலைக்குச் சேர்ந்த 1961இல்தான் அந்தத் திட்டத்துக்கு அமெரிக்க 'கேர்' நிவாரண அமைப்பின் உதவியாகப் பால் பவுடரெல்லாம் வந்தது. அதை மாவாகவே நக்கிய கதையைச் சொல்லாத எழுபது வயதுக்காரரை நான் பார்த்ததில்லை. அப்புறம் 1982இல் எம்.ஜி.ஆர். கொண்டுவந்த சத்துணவு. அப்போது ஆலங்குளம் பக்கத்துப் பள்ளியில் இருந்தவர்களிடம் அதைக் கேளுங்கள். வரிசையில் யார் முன்னால் நின்றார்கள், டீச்சர் எங்கே நின்றார் என்று கேட்டால் போதும்.

"ரொம்ப நல்லவங்க" என்று ஒருவர் முடிக்கப் பார்ப்பார். விடாதீர்கள். "என்ன செஞ்சாங்க?" என்று கேளுங்கள். நான் தொகுத்த ஒரு மலரில், இப்படித் துருவியபோது ஒரு பெரியவர் சொன்னார்: அவருக்குச் சிலேட்டுக் குச்சி வாங்க வீட்டில் காசு கிடையாது. அவருடைய டீச்சர், உடைந்த குச்சித் துண்டுகளை ஒரு பவுடர் டப்பாவில் சேர்த்து வைத்திருப்பார். காலையில் டப்பாவைத் திறந்து மேசை ஓரத்தில் வைத்துவிட்டு, கரும்பலகைப் பக்கம் திரும்பித் தேதி எழுதத் தொடங்குவார். எழுதி முடிக்கிற வரைக்கும் திரும்பவே மாட்டார். யார் எடுத்தார்கள் என்று அவருக்குத் தெரியாது, அல்லது தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டார். அந்தப் பக்கத்தில் அதற்குமேல் பாராட்டு எதுவும் தேவைப்படவில்லை.

பதிவைத் தட்டச்சு செய்யும்போது பேச்சைத் திருத்தாதீர்கள். "ஏல, இங்க வால, மூக்கத் தொடச்சிட்டு வா", "ஏட்டி, சடையப் பின்னிட்டு உக்காரு" என்றுதான் அம்மா வகுப்பில் பேசியிருப்பார். அதை, "மாணவர்களே, தூய்மையாக இருங்கள்" என்று மாற்றி எழுதினால் அங்கே இருப்பது வேறு யாரோ. உங்கள் கேள்விகளையும் ஊடே சொன்ன 'ம்ம்'களையும் வேண்டுமானால் எடுத்துவிடலாம்.

அடுத்தது பணிப்பதிவேடு, எஸ்.ஆர். என்று சொல்வார்களே அது. மூலம் அலுவலகத்தில் இருக்கும். ஆனால் டீச்சர்கள் பலர் நகல் ஒன்று எழுதி வாங்கி வீட்டிலும் வைத்துக்கொள்வார்கள். பென்ஷன் பேப்பர்கள் இருக்கும் பையில் தேடுங்கள். குடும்பத்தில் யாரும் அதை ஒரு புத்தகமாக நினைப்பதில்லை. எனக்குக் கிடைத்தால் நான் முதலில் வாசிப்பது அதைத்தான். தொடக்கப் பக்கத்தில் உயரம், அங்க அடையாளம், இடது கை விரல் ரேகைகள் இருக்கும். வேலைக்குச் சேரும்போது இருபது வயதுப் பெண் மை தொட்டு ஒவ்வொரு விரலாக உருட்டி வைத்தது. எங்கே மச்சம் என்று ஒரு குமாஸ்தா எழுதியிருப்பார். உள்ளே எந்தத் தேதியில் எந்தப் பள்ளி, என்ன சம்பளம், எப்போது இன்கிரிமென்ட் என்று வரிசையாகப் போகும். நடுவில் மகப்பேறு விடுப்பு வரும். ஒன்று அண்ணனுக்கு, ஒன்று உங்களுக்கு. விடுப்பு முடிந்து அம்மா திரும்ப வேலையில் சேர்ந்த தேதியைப் பார்த்து, அன்றைக்கு நீங்கள் எத்தனை நாள் குழந்தை என்று கணக்குப் போடுங்கள். இதை எதற்குச் சொல்கிறேன் என்பது கீழே வருகிறது.

பிறந்த தேதிக் குழப்பம் அந்தத் தலைமுறையில் வீட்டுக்கு வீடு உண்டு. பள்ளியில் சேர்க்க வயது போதாது என்றால் வாத்தியாரே ஜூன் மாதத்தில் ஒரு தேதியைப் போட்டுவிடுவார். விஷு வருஷம் 1941 ஏப்ரலில் பிறந்தது. ஆகவே ஜாதகப்படி அம்மா 1941 அக்டோபர், நவம்பரில் பிறந்தவர். இரண்டையும் போடுங்கள். வேலைக்குச் சேர்ந்தது, ஓய்வு பெற்றது எல்லாம் ஜூன் கணக்கில் நடந்தன. அம்மாவின் அம்மா பிள்ளை பெற்றது ஐப்பசியில் நடந்தது. மாவட்டப் பெயரும் அப்படித்தான். 1961இல் கயத்தாறு திருநெல்வேலி மாவட்டம். 1986இல் தூத்துக்குடிப் பக்கம் பிரிந்துவிட்டது. ஆலங்குளம் 2019இலிருந்து தென்காசி மாவட்டம். மலரில் அன்றைய பெயரையே எழுதிவிட்டு, பழைய சேர்க்கைப் பதிவேடு தேடிப் போகும்போது மட்டும் இன்றைய பெயரை நினைவில் வையுங்கள். அம்மா மூன்று மாவட்டத்தில் வேலை பார்த்ததாக எழுதிவிடாதீர்கள். அப்படி எழுதிய மலர்கள் உண்டு.

தேதியில்லாத கடிதம், பாடக்குறிப்பு நோட்டு ஏதாவது கிடைத்தால் எழுத்தைப் பாருங்கள். லை, னை, ணை எல்லாம் யானைத் துதிக்கை போட்டு எழுதியிருந்தால் அநேகமாக 1978க்கு முந்தியது. அந்த வருஷம் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது. மற்றவர்கள் பழைய கையை விடாமல் எழுதிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டிய டீச்சர் கையை மாற்றித்தான் ஆக வேண்டும்.

படங்கள். சட்டத்துக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்தைத் தயவுசெய்து பிய்க்காதீர்கள். முகம் கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யலாம், நன்றாகவே வரும். ஒன்றோடொன்று ஒட்டிக் காய்ந்த பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் சுத்தமான தண்ணீரில் ஊறினால் சில சமயம் தானாகப் பிரியும். போனால் போகட்டும் என்கிற ஒரு ஜோடியில் முதலில் செய்து பாருங்கள். பூஞ்சை பிடித்திருந்தால் தண்ணீர் பக்கமே கொண்டுபோக வேண்டாம், கம்ப்யூட்டர் பிரிண்டரில் எடுத்த படங்களையும் நனைக்க வேண்டாம், சாயம் ஓடிவிடும். பிரிந்ததைத் துடைக்காமல், முகம் மேலே பார்க்க நிழலில் காய விடுங்கள். லாமினேஷன் கூடவே கூடாது. சூடும் பசையும் சேர்ந்து படத்தை முடித்துவிடும், திரும்பப் பிரிக்க வழியில்லை. ஸ்கேன் 600 டிபிஐயில் எடுங்கள். பின்பக்கத்தையும் எடுங்கள், ஸ்டுடியோ முத்திரையும் பென்சில் குறிப்பும் அங்கேதான் இருக்கும். அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், இல்லாவிட்டால் அது படத்தைச் சுருக்கிவிடும், அந்தச் சுருங்கிய படமே கடைசியில் அச்சுக்குப் போய் நிற்கும்.

வாய்ஸ் மெசேஜ் வேலையை மகளிடம் இன்றைக்கே ஒப்படையுங்கள். போன் தொலைந்தாலோ மாற்றினாலோ முதலில் போவது அதுதான். அந்த உரையாடலை மீடியாவோடு எக்ஸ்போர்ட் செய்து கம்ப்யூட்டரில் ஒரு பிரதி, பென்டிரைவில் ஒரு பிரதி. மலரில் குரலை அச்சடிக்க முடியாதுதான். ஆனால் ஒன்றிரண்டு செய்திகளை ஆச்சி சொன்ன மாதிரியே எழுத்தில் போடலாம், "சாப்ட்டியாட்டி, வெளிய திங்காத" உட்பட.

இனி, நீங்கள் எழுத வேண்டியது.

மூன்று பேரும் ஒரே ஆள்தானா என்ற உங்கள் சந்தேகத்துக்கு எனக்குத் தெரிந்த பதில் இது. மாணவர்கள் பார்த்தது காலை பத்து மணிக்கு வகுப்பில் நின்ற ஆளை. நீங்கள் பார்த்தது சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுக்குள் நுழைந்த ஆளை. உங்கள் மகள் பார்த்தது ஓய்வு பெற்ற பிறகு இருந்த ஆளை. சான்றிதழ்ப்படி 1999இல் 58 முடிந்து, கல்வியாண்டு முடிகிறவரை நீட்டிப்பும் முடிந்து, 2000க்கு அப்புறம் பஸ் பிடிக்க வேண்டியதில்லாத ஆள். மூன்றையும் குழைத்து 'அன்னையாய், ஆசானாய், ஆச்சியாய்' என்று ஒரு கட்டுரை எழுத வேண்டாம். மூன்று பகுதியாகவே விடுங்கள். ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாவிட்டால் ஒத்துப்போகாமல் இருக்கட்டும். வாசிக்கிறவர்கள் சேர்த்துப் பார்த்துக்கொள்வார்கள்.

உங்கள் பகுதிக்கு ஒரே ஒரு சாயங்காலம் போதும். அம்மா வாசலில் செருப்பை எங்கே கழற்றினார், கைப்பையை எந்த ஆணியில் மாட்டினார், முதல் வார்த்தை என்ன, அடுப்பில் என்ன ஏறியது, பரீட்சைப் பேப்பர் கட்டை எப்போது பிரித்தார், நீங்கள் அப்போது எங்கே இருந்தீர்கள். அவர் சிரிக்கவில்லை என்றால் சிரிக்கவில்லை என்று எழுதுங்கள். பாவம், வேலைக் களைப்பு என்று நானே ஒரு காரணம் எடுத்துக் கொடுத்துவிடலாம். அது உண்மையாகவும் இருக்கலாம், அதற்குத்தான் எஸ்.ஆரில் மகப்பேறு விடுப்புத் தேதிகளைப் பார்க்கச் சொன்னேன். ஆனால் காரணத்தை முதலில் எழுதிவிட்டால் நடந்தது பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். முதலில் அந்தச் சாயங்காலம். பிறகு துஷ்டி வீட்டில் மாணவர்கள் சொன்னதும், உங்களுக்குப் பொறாமை வந்ததும். தேதிகள் அதற்குக் கீழே வரட்டும், விளக்கம் இல்லாமல்.

சித்தியிடம் ஒன்று மறக்காமல் கேளுங்கள்: கல்யாணத்துக்கு முன்னால் அக்கா சிரிப்பாளா, எதற்குச் சிரிப்பாள்? நீங்கள் பார்க்காத அம்மாவைப் பார்த்தவர்களில் மிச்சமிருக்கிறவர் அவர்தான் என்று நினைக்கிறேன்.

அண்ணன் விஷயம். அவரோடு கொள்கைச் சண்டை போட்டால் மலர் நின்றுபோகும், நான் பார்த்திருக்கிறேன். சொத்து, சம்பந்தி வீட்டு மனக்கசப்பு, இருக்கிறவர்கள் யாரையாவது கூனிக் குறுக வைக்கும் சங்கதி எதுவும் வராது என்று முதலிலேயே வாக்குக் கொடுத்துவிடுங்கள். அதோடு அவர் பயத்தில் முக்கால்வாசி அடங்கிவிடும். மீதிக்கு, திருத்தச் சொல்லி அவரிடம் கையெழுத்துப் பிரதியை நீட்டாதீர்கள்; அவரையும் போன் முன்னால் உட்கார வையுங்கள். "அம்மா உன்ன எதுக்கு அடிச்சா?" என்று கேளுங்கள். சிரித்துக்கொண்டே பதினைந்து நிமிஷம் பேசுவார், அது குறை என்றே அவருக்குத் தோன்றாது. மாணவர்களில் ஒருவர் "பிரம்பால வெளுத்துருவாங்க" என்று பெருமையாகச் சொல்வார், அதைப் போடுங்கள். இன்னொருவர் அந்த அடி இன்னும் வலிக்கிறது என்று சொன்னால் அதையும் பக்கத்திலேயே போடுங்கள். அடி வாங்கியதால்தான் உருப்பட்டோம் என்று தொகுப்பாசிரியராக நீங்கள் ஒரு வரி சேர்க்க வேண்டாம். அந்த வரி நம் ஊர் மலர்கள் எல்லாவற்றிலும் இருக்கிறது, எனக்கு அலுத்துவிட்டது.

ஆச்சி பகுதியை மகளே எழுதட்டும், நீங்கள் கை வைக்காதீர்கள். சொதி செய்முறையைச் சேர்ப்பதாக இருந்தால், எழுதி வாங்காமல் சமைத்துப் பாருங்கள். 'தேங்காய் கொஞ்சம், இஞ்சி கொஞ்சம்' என்று எழுதி என்ன பிரயோஜனம்? அம்மாவோடு நின்று சமைத்தவர் யாராவது இருப்பார்கள், அநேகமாகச் சித்திதான். அவர் கை அள்ளுவதைப் பாத்திரத்தில் போடும் முன் நிறுத்துப் பாருங்கள். மூன்றாம் பாலில் எந்தக் காய் முதலில் போகிறது, வெந்த சிறுபருப்பு எப்போது சேர்கிறது, முதல் பால் ஊற்றிக் கொதிக்கும் முன் எப்படி இறக்குகிறார், எலுமிச்சை எப்போது பிழிகிறார். தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல்தானே? அதையும்.

அச்சு வேலை பற்றிச் சுருக்கமாக. டெம்மி 1/8, அதாவது வழக்கமான புத்தக அளவு, பதினாறு பக்கம் ஒரு ஃபாரம். நான்கு ஃபாரம், 64 பக்கம் வைத்துக்கொண்டால் இந்த மலருக்கு அடக்கமாக இருக்கும். நூறு, இருநூறு பிரதிக்கு டிஜிட்டல் பிரிண்டிங் போதும். வழவழ ஆர்ட் பேப்பரைப் படங்களுக்கு மட்டும் வைத்துக்கொண்டு எழுத்துக்கு மேப்லித்தோ என்கிற வழவழப்பில்லாத தாள் கேளுங்கள்; முழுக்க ஆர்ட் பேப்பரில் அடித்தால் வயதானவர்களுக்கு விளக்கொளியில் கண் கூசும். பக்கம் அமைக்கிற டிடிபிக்காரர் உங்கள் யூனிகோட் கோப்பைத் தன் பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது கொம்பு இடம் மாறும், புள்ளி காணாமல் போகும், அங்கே கவனம். யூனிகோட் மூலத்தை நீங்கள் பத்திரப்படுத்துங்கள். மூன்று பள்ளிகளுக்கும் பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்துக்கும் ஆளுக்கொரு பிரதி கொடுங்கள். பெரிய ஃப்ளெக்ஸ் அடிக்க அண்ணன் ஒதுக்கிய காசு இருந்தால், அரசின் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம் வழியாக அம்மா வேலை பார்த்த பள்ளி ஒன்றுக்கு அனுப்பலாம் என்று சொல்லிப் பாருங்கள். கேட்பார் என்று உறுதி இல்லை.

மெய்ப்பை, அதாவது அச்சுக்கு முன் திருத்தத் தரும் பிரதியை, நீங்களும் அண்ணனும் பார்த்தால் மட்டும் போதாது. சித்திக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். "அது இல்லட்டி, அப்ப நாங்க கயத்தாத்துல இல்ல" என்று அவர் குறுக்கே விழுகிற இடத்திலெல்லாம் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். இதற்கே இரண்டு மூன்று நாள் போய்விடும். அதனால் ஆடி பிறப்பதற்குள் மெய்ப்பு கையில் கிடைக்கும்படி அச்சகத்துக்குப் போகிற அன்றைக்கே சொல்லி வையுங்கள்.